தொண்டி நம்பர் இரண்டு

அரசாங்க அலுவலகத்தில் வைத்து ஒரு கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றமா, கடமையா? சட்டம் படித்தவர்களிடம் கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இசக்கிமுத்துவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவான். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை கடமை, பதினொன்று அடித்த பிறகு குற்றம். எழுபத்தாறு நாள் அனுபவத்தில் சொல்கிறான், தப்பாக இருக்காது.

இசக்கிமுத்து மட்டாஞ்சேரியில் குப்பை வண்டி தள்ளுகிறவன். அப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இதே வேலைக்கு வந்து, இதே வேலையில் கண்ணை மூடியவர். மகன் பதினோரு வருஷமாகத் தினக்கூலி. அந்த 2006-ஆம் வருஷம்தான் மாநகராட்சியின் ஸ்திரப் பட்டியலில் அவன் பெயர் ஏறியிருந்தது. ஸ்திரம் என்றால் நிரந்தர வேலை. காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் வரும், இருக்கிற ஒற்றை அறையைக் காலி பண்ணு என்று யாரும் சொல்ல முடியாது. நவம்பர் கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று, பெயரில் எந்தக் கேஸும் நிலுவையில் இருக்கக் கூடாது. அதைப் படித்துச் சொன்னபோது இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்குக்கூட அவன் பேரில் கேஸ் கிடையாது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியின் குப்பையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கிடந்தது. விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. கறிவேப்பிலை வைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தான். தொட்டி மண்ணில் இரண்டு வட்ட இலையோடு ஏதோ ஒன்று முளைத்திருந்தது.

"ஏட்டி, இது என்ன கீரை?" என்று கேட்டான்.

"வளந்தா தெரியும்," என்றாள் அவன் பெண்டாட்டி அழகம்மாள். பிடுங்கிப் போட மனசில்லாமல் ஜன்னலில் வைத்தாள். அவ்வளவுதான் அவர்கள் செய்த கிரிமினல் வேலை.

இங்கே போதைச் செடித் தடுப்புப் பிரிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிளகு கோடவுன்களுக்கு நடுவில் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு ஜீப், பதினான்கு பேர், அறுபத்திரண்டு பதிவேடுகள். ஓணம் வந்தால் மேலேயிருந்து உத்தரவு வரும், இத்தனை கேஸ் பிடித்தாக வேண்டும் என்று. அந்த வருஷத்துக்கு ஐந்து. நாலு கிடைத்துவிட்டது. ஐந்தாவதாக அந்த விடுதியிலிருந்த வெள்ளைக்காரனைக் குறிவைத்துப் போனார்கள். அவன் முந்தின வாரமே கோவாவுக்குப் போயிருந்தான். அறை காலி, குப்பையும் காலி. வெறும் கையோடு திரும்புவதா என்று குப்பையைத் தேடிப் புறப்பட்டார்கள். மட்டாஞ்சேரிக் குப்பை எங்கே போகிறது என்று ஓர் அரசாங்க அதிகாரி விசாரித்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

இசக்கிமுத்துவின் ஒற்றை அறைக்குள் ஏழு பேர் நுழைந்தார்கள். முன்னால் நின்றவர் சூப்பிரண்டு அனந்தநாராயணன். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், பேனாவை மூடாமலே நடக்கிறவர். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவரே முளையை அளந்தார்.

"ஒண்ணேகால் இஞ்ச். எழுதிக்கோ நாணு."

காவலாளி நாணு எழுதினான்.

"சாரே, அது கீரையாக்கும்னு நெனச்சோம்," என்றான் இசக்கிமுத்து.

"அப்படித் தோணும். அதாக்கும் இதோட தந்திரம். நீ நம்ம பாஷைக்காரன், உன்னண்ட நான் ஒளிக்க மாட்டேன். எனக்கு இந்த மாசம் அஞ்சு வேணும். நீ அஞ்சாவது. இதுல சொந்த விரோதம் ஒண்ணும் கிடையாது, மனசிலாச்சோ?"

வழக்கில் பிடிபட்ட சாமானுக்கு அங்கே தொண்டி என்று பெயர். தொட்டி தொண்டி நம்பர் ஒன்று, செடி தொண்டி நம்பர் இரண்டு, மண் தொண்டி நம்பர் மூன்று. செடியின் தண்டில் நூலைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். முத்திரையின் கனத்தில் முளை தலை சாய்ந்தது. இசக்கிமுத்து இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

அவன் வந்துவிட்டான். செடிக்குத்தான் ஜாமீன் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்திருந்தது: இந்த வயசில் வெண்டையும் இப்படித்தான் இருக்கும், கஞ்சாவும் இப்படித்தான் இருக்கும். பூத்த பிறகு பூவை அனுப்புங்கள், அப்போது சொல்கிறோம். ஆக, செடி பூக்கிற வரை உயிரோடு இருக்க வேண்டும். செத்தால் தொண்டியை அழித்ததாக சூப்பிரண்டு பேரில் விசாரணை வரும். உயிரோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது சாகுபடி. சாகுபடி யார் செய்தாலும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது, அதிகாரி செய்தால் பரவாயில்லை என்று எங்கும் சொல்லவில்லை.

பதினான்கு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் பேசினார்கள். செடி வாடிக்கொண்டே போனது. கடைசியில் அனந்தநாராயணன் எழுந்து நின்று தீர்வு சொன்னார்.

"இதோ பாருங்கோ. நம்மில் ஒருத்தன் வெள்ளம் ஊத்தினா புதுசா ஒரு குற்றவாளி உண்டாவான். அது அரசாங்கத்துக்குக் கேவலம். ஏற்கனவே குற்றவாளியா இருக்கிறவன் ஊத்தினா புதுசா ஒண்ணும் உண்டாகாது. இசக்கிமுத்துவைக் கூப்பிடுங்கோ."

உத்தரவு எழுத்தில் வந்தது, வட்ட முத்திரையோடு. குற்றம் சாட்டப்பட்டவர் தினமும் காலை எட்டு முதல் பதினொன்று வரை அலுவலகத்தில் ஆஜராகி, தொண்டி நம்பர் இரண்டை உயிருடன் பராமரிக்க வேண்டியது. தவறினால் ஜாமீன் ரத்து. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த கையோடு, இசக்கிமுத்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். நாணு புதுப் பதிவேட்டில் முதல் வரியை எழுதினான். அதற்கு வளர்ச்சிப் பதிவேடு என்று பெயர், அறுபத்து மூன்றாவது.

தொண்டி அறைக்கு ஜன்னல் கிடையாது. செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று இசக்கிமுத்து சொன்னான். தொண்டியை வெளியே கொண்டுபோகக் கோர்ட்டு அனுமதி வேண்டும், சூரியனை உள்ளே கொண்டுவர வழியில்லை. இரண்டு ட்யூப்லைட் மாட்டினார்கள். காற்றுக்கு சூப்பிரண்டின் மேஜை விசிறியே வந்தது. சாணி உரத்துக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டார்கள். பள்ளுருத்தி மாட்டுக்காரன் ஒருவன் சும்மாவே தருகிறேன் என்றான். விலையில்லாததற்கு விலைப்புள்ளி எழுத முடியாது என்று அவனை நிராகரித்தார்கள்.

முத்திரைதான் பெரிய தலைவலி. தண்டு பருத்தது, நூல் இறுக்கியது. அறுத்துவிடலாமே என்றான் இசக்கிமுத்து. அரசாங்க முத்திரையை உடைக்க மகஜர் என்கிற சாட்சிப் பத்திரம் எழுத வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், புது முத்திரை வைக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைதோறும் எதிர்ச்சாரி சாயாக்கடைக்காரரும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியும் வந்து நின்று, செடியின் இடுப்பு பெருத்திருப்பதை நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சாயாக்கடைக்காரர் பேசாமல் டம்ளர்களோடு வந்தார்.

ஹர்த்தால் அன்றைக்கு ஊரே கதவைச் சாத்தியிருந்தது. ஓணத்துக்கு நாலு நாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. இசக்கிமுத்து மட்டும் தினமும் வந்தான், நாணுவைச் சாவியோடு எழுப்பினான், ஊற்றினான், கையெழுத்துப் போட்டான்.

"சேட்டா, நீங்க மாத்திரமாணு இந்த ஆபீஸில லீவ் எடுக்காத்த ஆள்," என்றான் நாணு. அவன் கேலி பண்ணவில்லை, நிஜமாகவே மரியாதையாகச் சொன்னான்.

வீட்டில் அழகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பிள்ளைக்கு ஒரு நாளு பாலு கலக்கிக் குடுத்திருப்பியளா? அந்தச் செடிக்கு விசிறி போட்டுவிடுதீயளாமே!"

"நான் போடலட்டி. ஆர்டர் போட்டிருக்கு."

"ஆர்டரா? எந்தத் தாளுல? யாரு கையெழுத்து?"

"சூப்பிரண்டு சார் கையெழுத்துதான்."

அழகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அந்தத் தாளு நம்ம கையில இருக்கணும்," என்றாள்.

இதற்குள் அனந்தநாராயணன் வேறு கணக்குப் போட்டிருந்தார். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் கஞ்சா பூக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். ஆகவே விளக்கை அணைக்காமல் வைத்தால் பூப்பதை டிசம்பர் வரை தள்ளிப்போடலாம். டிசம்பரில் அவருக்குப் பதவி உயர்வு, திருவனந்தபுரத்துக்குப் போய்விடுவார். பூ சம்பந்தமான பொறுப்பு அடுத்து வருகிறவர் தலையில். விளக்கு இருபத்துநாலு மணி நேரமும் எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

செடி அந்த உத்தரவைச் சட்டை செய்யவில்லை. அது ஏதோ வெளிநாட்டு விதை. பகல், இரவு, மாதம் எதையும் பார்க்காத ஜாதி. வயசு வந்தால் தானே பூக்கும். ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இசக்கிமுத்து குவளையோடு போனபோது கணுவுக்குக் கணு வெள்ளை இழை விட்டு நின்றது.

அனந்தநாராயணன் ஓடி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரைக் கேட்டு இது பூத்தது?"

நாணு வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரு ஃபைல்கூட நான் சொல்லாம என் மேஜையை விட்டு நகர்ந்ததில்லை. கல்யாணம்கூட அனுமதி வந்த அப்புறம்தான் பண்ணிண்டேன். இது, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில நின்னுண்டு, மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாம... நாணு, விளக்கம் கேட்டு மெமோ அடி."

"யாருக்கா சார்?"

அந்தக் கேள்விதான் அன்று அலுவலகத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம். மெமோ இசக்கிமுத்துவின் பெயருக்கு அடிக்கப்பட்டது.

இசக்கிமுத்து மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பதினோரு வருஷமாக அவன் பட்டியல் வரட்டும், கையெழுத்தாகட்டும், சார் வரட்டும் என்று காத்துக் கிடக்கிறான். இது யாருக்கும் காத்திருக்கவில்லை. அரக்கு முத்திரையோடு, ஜன்னலில்லாத அறையில், தன் நேரம் வந்ததும் பூத்துவிட்டது. இவ்வளவு பயந்து வாழ்ந்து நாம் என்னத்தைக் கண்டோம் என்று அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வந்தது. வெளியே வந்த கோபமில்லை, ஆனாலும் கோபம்தான்.

பூ வந்தால் வாசனையும் வரும். மிளகும் சுக்கும் மணக்கிற தெருவில் அது தனியாகத் தெரிந்தது. கோடவுன்காரர் ஒருவர் தடுப்புப் பிரிவின் இலவசத் தொலைபேசிக்குப் புகார் சொன்னார், இன்ன கட்டடத்திலிருந்து கஞ்சா வாடை வருகிறது என்று. புகார் வந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சோதனை போட வேண்டும், அது விதி. புகாரில் சொன்ன கட்டடம் அவர்களுடையதேதான்.

விதியை மீற அனந்தநாராயணனுக்குத் தெரியாது. ஜீப்பில் ஏழு பேரும் ஏறினார்கள். படகுத்துறை வரை போய், திரும்பி வந்து, சொந்த அலுவலகத்தின் வாசலில் இறங்கிக் கதவைத் தட்டினார்கள். உள்ளே சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். அறை அறையாகத் தேடினார்கள். தொண்டி அறையில் குவளையோடு நின்ற இசக்கிமுத்துவைப் பார்த்து, "நீ யார், இங்கே என்ன செய்கிறாய்?" என்று அனந்தநாராயணன் மலையாளத்தில் கேட்டார், பதிவுக்காக.

"சார்தான வரச் சொன்னீய," என்றான் அவன்.

சோதனை அறிக்கை இன்றும் இருக்கிறது. கட்டடம் முழுவதும் சோதிக்கப்பட்டது. அரசாங்கச் சொத்து ஒன்றைத் தவிர ஆட்சேபகரமாக எதுவும் கிடைக்கவில்லை. அலுவலர்கள் நல்ல ஒத்துழைப்பு கொடுத்தனர்.

அக்டோபர் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, அறுவடை. சாட்சிகள் முன்னிலையில் அளந்தார்கள். மூன்றடி இரண்டங்குலம். பூவை வெட்டி, உலர்த்தி, நகைக்கடைத் தராசில் நிறுத்தார்கள். எழுபத்திரண்டு கிராம். மறு வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து சான்று வந்தது: முதல் தரக் கஞ்சா. அனந்தநாராயணன் இசக்கிமுத்துவை எதிரில் உட்காரவைத்து சாயா வரவழைத்தார்.

"நீ நன்னா வளர்த்திருக்கே, இசக்கி. நான் மறைக்க மாட்டேன். ஆனா அதுதான் உனக்கு மோசமாப் போச்சு. ஒண்ணேகால் இஞ்ச் முளைக்குப் பெரிசா ஒண்ணும் வராது. மூணடிச் செடி, எழுபத்திரண்டு கிராம் பூ, அது வேற வகுப்பு. நீ ஒப்புத்துண்டு கையெழுத்துப் போட்டா சின்ன தண்டனையோட முடியும். இல்லேன்னா நாலு வருஷம், அஞ்சு வருஷம் கேஸ் நடக்கும்."

"ஒப்புக்கிட்டா ஸ்திரம் போயிரும் சாரே. கேஸு நடந்தாலும் போயிரும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். எனக்கும் ஒரு கேஸ் முடியும்."

இசக்கிமுத்து டம்ளரைக் கையில் வாங்கினான். பதினோரு வருஷம் கண்முன்னால் ஓடையில் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தான்.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றான்.

அப்படிச் சொல்ல அவனுக்குத் தைரியம் கொடுத்தது வீட்டில் இருந்த ஒரு காகிதக் கட்டு. தகவல் கேட்கிற சட்டம் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தெருவில் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிற பிச்சைமணியைப் பிடித்து, செப்டம்பர் கடைசியிலேயே அழகம்மாள் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு போட்டிருந்தாள். செடி சம்பந்தமான எல்லா உத்தரவும், எல்லாப் பதிவும் வேண்டும் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி அனந்தநாராயணனேதான். வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். அவர் பூரித்துப்போனார். வளர்ச்சிப் பதிவேடு அவருடைய வாழ்நாள் சாதனை. அன்றன்றைய உயரம், தண்ணீர் அளவு, விசிறி ஓடிய நேரம், எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியது. அதைப் படிக்க வேண்டும் என்று பொதுமக்களில் ஒருத்தியாவது கேட்டுவிட்டாளே! அதுவரை எழுதியிருந்த பக்கங்களையெல்லாம் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் "உண்மை நகல்" என்று தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அறுவடை முடிந்ததும், கேட்காமலே மீதிப் பக்கங்களும் வந்தன.

நவம்பர் நடுவில் கோர்ட்டு. நீதிபதி ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர்.

"பிடிக்கும்போது செடியின் உயரம் எவ்வளவு?"

"ஒண்ணேகால் அங்குலம், யுவர் ஆனர்."

"இப்போது?"

"மூணடி ரெண்டங்குலம்!" என்றார் அனந்தநாராயணன். குரலில் பெருமை வழிந்தது, அவரால் அடக்க முடியவில்லை.

"நடுவில் வளர்த்தது யார்?"

அரசாங்க வக்கீல் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தார். கூண்டில் நின்ற இசக்கிமுத்து கையைத் தூக்கினான்.

"நாந்தான் வளத்தேன் அம்மா. ஒளிக்கல. ஒண்ணேகால் இஞ்சு என் வீட்டு ஜன்னல்ல வளந்தது. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். பாக்கி மூணடி இவுக ஆபீஸுல, இவுக லைட்டுல, இவுக விசிறியில வளந்தது. தண்ணி ஊத்தலைன்னா உள்ள தள்ளுவோம்னு ஆர்டர் போட்டாக. அந்த மூணடிக்கு யாரு இங்க வந்து நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கும் தெரியல, எழுபத்தாறு நாளா யோசிச்சுட்டேன்."

காகிதக் கட்டு மேஜைக்குப் போனது. நீதிபதி அம்மாள் நிறுத்தி நிதானமாகப் புரட்டினார். சொந்த அலுவலகத்தைச் சோதனை போட்ட அறிக்கை வந்தபோது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"இந்தக் கையெழுத்துகள் உங்களுடையதுதானா?"

"எல்லாம் என்னுடையதாக்கும், யுவர் ஆனர். ஒண்ணுகூட விட்டுப்போகலை."

ஒன்றேகால் அங்குல முளை இன்ன செடி என்று சொல்ல முடியாது என ஆய்வுக்கூடமே எழுதியிருக்கிறது. அதற்கு மேல் வளர்ந்ததற்கு இவன் பொறுப்பில்லை. இசக்கிமுத்துவை விடுவித்தார்கள்.

வராந்தாவில் அனந்தநாராயணன் அவனை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது. "சந்தோஷப்படாதே. நான் அப்பீல் போடுவேன். அப்பீல் போட்டா கேஸ் நிலுவைதான். உன் சரிபார்ப்பு என்னாகும்னு பாத்துக்கோ."

முந்தின வருஷமாக இருந்தால் இசக்கிமுத்து அவர் காலில் விழுந்திருப்பான். இப்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"போடுங்க சாரே. பெரிய கோர்ட்டுலயும் மொதல்ல கேக்கது, நடுவுல யாரு வளத்ததுன்னுதான். நான் வந்து சொல்லுதேன். எத்தனை கோர்ட்டு வச்சாலும் வாரேன், எனக்கு லீவு எடுத்துப் பழக்கமில்லை."

அப்பீல் போடப்படவில்லை.

நவம்பர் கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பு. நீள வரிசை. விண்ணப்பத்தை அழகம்மாள் வாசித்துச் சொல்லச் சொல்ல, இசக்கிமுத்து எழுதிக்கொண்டு வந்தான். நிலுவையில் கேஸ் உண்டா? இல்லை. இதற்கு முன் வேறு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா? அங்கே பேனா நின்றது.

"எழுதுங்க," என்றாள் அழகம்மாள்.

"வேண்டாம்ட்டி."

"ஏன் வேண்டாம்? களவாண்டியளா? ஞாயித்துக்கிழம பாக்காம, ஹர்த்தால் பாக்காம உழைச்சிருக்கிய. எழுதுங்க."

எழுதினான். போதைச் செடித் தடுப்புப் பிரிவு, எழுபத்தாறு நாள், செடி வளர்ப்பு. வளர்ச்சிப் பதிவேட்டின் நகலையும் பின்னால் கோத்தான்.

மேஜைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தாள்களைப் புரட்டினார். நிமிர்ந்து இசக்கிமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன செடி?"

"கஞ்சா."

"அதெங்ஙன சர்க்கார் ஜோலி ஆகும்?"

இசக்கிமுத்து ஒரு விரலை நீட்டி, தாளின் அடியிலிருந்த வட்ட முத்திரையைத் தொட்டுக் காட்டினான். குமாஸ்தா முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், உண்மை நகல் என்ற வார்த்தையைப் பார்த்தார். அப்புறம் தன் முத்திரையை மையில் ஒற்றி அதற்குப் பக்கத்திலேயே குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.